முதல் கியரா, இரண்டாவதா: ஆட்டோகிராஸ் வளைவின் இயற்பியல்

ஆட்டோகிராஸ் என்பது கார்கள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் பந்தயம் அன்று. அகன்ற வாகன நிறுத்துமிடத்திலோ விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, வளைந்து நெளிந்த தற்காலிகப் பாதை ஒன்றை உருவாக்கி, ஒரு கார் மற்றொன்றின் குறுக்கே வராதபடி இடைவெளி விட்டு ஓடவிட்டு, அதைக் குறைந்த நேரத்தில் கடப்பவர் யார் என்று ஆயிரத்தில் ஒரு வினாடி வரை அளந்து பார்க்கும் போட்டி அது. 1944இல் தோன்றிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இப்போட்டியைச் 'சோலோ' என்னும் பெயரில் நடத்துகிறது; 1973இல் தொடங்கிய அதன் தேசிய இறுதிப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், பரந்த கான்கிரீட் தளமொன்றில் நடந்துவருகிறது. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். தட்டிவிடப்படும் ஒவ்வொரு கூம்புக்கும் 2 வினாடி தண்டனையாகச் சேர்க்கப்படும். பிரிட்டனில் இதே பெயர் புல்வெளியிலும் மண்தரையிலும் நடக்கும் வேறொரு போட்டியைக் குறிக்கிறது. ஜப்பானியர் 'ஜிம்கானா' என்று நடத்தும் போட்டியோ இன்னும் இறுக்கமான திருப்பங்களையும் முழு வட்டச் சுழற்சிகளையும் கொண்டது. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது அமெரிக்க வகை.

இப்போட்டியின் வேகங்கள் ஒரு சங்கடமான எல்லைக்குள் அமைகின்றன. நேரான பகுதிகளில் கார் மணிக்கு 80, 90 கிலோமீட்டரைத் தொடும். கொண்டை ஊசி வளைவு வந்ததும் 30 கிலோமீட்டர் வரை இறங்கும். அடுத்த சில நொடிகளில் மறுபடியும் மேலேறும். சாலையில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட கியர்பெட்டியில் முதல் கியர் காரை நிலையிலிருந்து கிளப்புவதற்காகவும், இரண்டாவது கியர் அதை நகர வேகத்துக்குக் கொண்டுசெல்வதற்காகவும் வைக்கப்பட்டவை. இறுக்கமான வளைவின் வேகம் இவ்விரண்டுக்கும் நடுவே, எதற்கும் முழுமையாகப் பொருந்தாத இடத்தில் விழுகிறது. இரண்டாவது கியரிலேயே வளைவைக் கடந்தால் எஞ்சின் சோர்ந்து இழுக்கிறது. முதல் கியருக்கு இறக்கினால் எஞ்சின் உற்சாகமாகச் சீறுகிறது, ஆனால் சில மீட்டருக்குள்ளாகவே மீண்டும் மாற்ற வேண்டியதாகிறது. புதிதாகப் பழகுவோர் அந்தச் சீறலையே வேகம் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை நிலவரத்தைக் காதால் அறிய முடியாது. கணக்கிட்டுப் பார்த்தால் மட்டுமே அது புலப்படும்.

கணக்குக்கு ஏற்ற கார் மஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா. அமெரிக்க ஆட்டோகிராஸ் தளங்களில் இதைப் போல் எங்கும் காணப்படும் கார் வேறு உண்டா என்பது ஐயமே. இதன் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 136 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத் தருகிறது. முறுக்கு விசை என்பது ஒரு தண்டைத் திருகிச் சுழற்றும் விசையின் அளவு. ஐந்து கியர் கொண்ட பெட்டியில் முதல் கியரின் விகிதம் 3.136, இரண்டாவதன் விகிதம் 1.888, மூன்றாவதன் விகிதம் 1.330, பின்னச்சில் உள்ள இறுதிக் குறைப்பு 4.3. விகிதம் என்பதன் பொருள் எளிது: எஞ்சின் இத்தனை முறை சுழன்றால் வெளியேறும் தண்டு ஒரு முறை சுழலும், வேகம் குறையும் அதே மடங்கில் முறுக்கு விசை பெருகும். இவற்றைப் பெருக்கினால், சக்கரம் ஒரு சுற்று சுழல எஞ்சின் முதல் கியரில் 13.5 முறையும், இரண்டாவதில் 8.1 முறையும் சுழல வேண்டும். 14 அங்குலச் சக்கரத்தில் மாட்டிய டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.78 மீட்டர் உருளும் என்று கொண்டால், நிமிடத்துக்கு 7000 சுற்றில் முதல் கியர் 55 கிலோமீட்டரிலும் இரண்டாவது 92 கிலோமீட்டரிலும் முடிந்துவிடுகின்றன. 30 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் முதல் கியரில் ஏறத்தாழ 3790 சுற்றிலும், இரண்டாவதில் 2280 சுற்றிலும் ஓடும்.

இந்த இரு நிலைகளில் காரைத் தள்ளும் விசையைக் கணித்துப் பார்க்கலாம். 2280 சுற்றில் எஞ்சின் 115 நியூட்டன் மீட்டரும் 3790 சுற்றில் 125 நியூட்டன் மீட்டரும் தருவதாகவும், கியர்களில் 12 சதவீதம் உராய்வில் வீணாவதாகவும் கொண்டால், தரையைத் தள்ளும் விசை இரண்டாவது கியரில் 2900 நியூட்டன், முதல் கியரில் 5240 நியூட்டன். மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கியர் ஏறக்குறைய இரட்டிப்பு ஆதாயம் தருவதுபோல் தோன்றும். ஆனால் எஞ்சின் காரை மட்டும் முடுக்குவதில்லை, தன்னையும் முடுக்கிக்கொள்கிறது. சுழலும் பொருள் தன் சுழற்சி வேகம் மாறுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அளப்பது நிலைமத் திருப்புத்திறன். கிராங்க் தண்டும் கனத்த ஃபிளைவீலும் சேர்ந்து இதற்கு 0.15 கிலோகிராம் சதுரமீட்டர் என்ற மதிப்பைக் கொண்டிருந்தால், அந்த எதிர்ப்பு சக்கரத்தை அடையும்போது கியர் விகிதத்தின் வர்க்கமடங்கு பெரிதாகிவிடுகிறது. இரண்டாவது கியரில் அது காரின் மேல் 123 கிலோ எடை கூடியதற்குச் சமம். முதல் கியரிலோ 340 கிலோ கூடியதற்குச் சமம். ஓட்டுநருடன் 1050 கிலோ எடையுள்ள சிறிய கார், முதல் கியரைப் போட்ட நொடியில், முடுக்கத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ 1400 கிலோ காராகிவிடுகிறது. விகிதத்தை இன்னும் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால் முடுக்கம் பெருகிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்கு இயற்கை வைத்திருக்கும் தடை இதுவே; இலேசான ஃபிளைவீலுக்குப் பந்தயக்காரர்கள் பணம் செலவழிப்பதன் காரணமும் இதுவே.

இந்தக் கூடுதல் சுமையைச் சேர்த்த பின் முடுக்கம் முதல் கியரில் வினாடிக்கு வினாடி 3.8 மீட்டரும் இரண்டாவதில் 2.5 மீட்டரும் ஆகிறது. முதல் கியரில் 30இலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 1.5 வினாடி ஆகும். அதற்குள் கார் 16 மீட்டரைக் கடந்திருக்கும். அதே 16 மீட்டரைக் கடக்க இரண்டாவது கியரில் உள்ள காருக்கு 1.6 வினாடியே போதும், வேகம் மட்டும் 44 கிலோமீட்டராக இருக்கும். முடுக்கத்தில் பாதிக்கு மேல் வேறுபாடு இருந்தும், நேரத்தில் பத்தில் ஒரு வினாடியே மிச்சமாவதற்குக் காரணம், இரு கார்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான். முடுக்கம் கூடுதல் வேகத்தைத் தருகிறது, அந்தக் கூடுதல் வேகம் தூரமாகத் திரள்வதற்குப் பாதை நீள வேண்டும். முதல் கியர்க்காரருக்கு இப்போது இரண்டாவதற்கு மாற்றும் வேலை வந்துவிட்டது. அந்த மாற்றத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பற்றுப்போகும் நேரம் 0.35 வினாடி என்றால், மாற்றி முடித்த தருணத்தில் அவர் 2 மீட்டரும் மணிக்கு 4 கிலோமீட்டரும் முன்னிலையில் இருப்பார். நேரக் கணக்கில் ஏறத்தாழ 0.15 வினாடி. அடுத்து நீண்ட நேர்ப்பாதை வந்தால் இந்த முன்னிலை இன்னும் சற்றே வளரும். 20 மீட்டரில் இன்னொரு வளைவு வந்தால் அத்துடன் முடிந்தது. ஆயிரத்தில் ஒரு வினாடி வரை அளக்கும் போட்டியில் 0.15 வினாடி அற்பமானது அன்று. ஆனால் இது எல்லாம் பிழையின்றி நடந்தால் கிடைக்கும் உச்ச ஆதாயம். அதிலும் டயரைப் பற்றிய கேள்வி இன்னும் எழுப்பப்படவே இல்லை.

டயர் தரையைப் பற்றும் ஆற்றலுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. திருப்புவதற்கான பக்கவாட்டு விசை, முன்னே தள்ளும் விசை, பின்னிழுக்கும் பிரேக் விசை ஆகிய எல்லாம் அந்த ஒரே வரம்புக்குள்ளிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். பக்கவாட்டும் நேர்த்திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டித்தான் வரம்புடன் ஒப்பிட வேண்டும். இதைப் படமாக வரைந்தால் வட்டம் கிடைப்பதால் பொறியாளர்கள் இதனை உராய்வு வட்டம் என்கின்றனர். வளைவுக்காக 80 சதவீதப் பிடிமானத்தைச் செலவிட்ட டயரில் முன்னே தள்ள 60 சதவீதம் மிஞ்சுவது கூட்டல் பிழை அன்று, பிதாகரஸ் தேற்றம். மியாட்டாவின் எடையில் பாதி பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது. முடுக்கும்போது இன்னும் கொஞ்சம் எடை பின்னே சாய்கிறது. உராய்வுக் கெழு 1 என்று கொண்டால் பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 5700 நியூட்டன். வளைவிலிருந்து வெளியேறத் தொடங்கும் கட்டத்தில் அதில் 60 சதவீதம், அதாவது 3400 நியூட்டன் மட்டுமே தள்ளுவதற்குக் கிடைக்கும். இரண்டாவது கியரின் 2900 நியூட்டன் அதற்குள் அடங்குகிறது. முதல் கியரின் 5240 நியூட்டனிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பயனற்றுப்போகும். அதையும் பயன்படுத்த முயன்றால் சக்கரம் வெறுமனே சுழன்று, பின்புறம் பக்கவாட்டில் வழுக்கும்.

நிலைமையை இன்னும் மோசமாக்குவது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல இடம்கொடுக்கும் இந்தப் பற்சக்கர அமைப்பு, அதன் எளிய வடிவில், இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே அனுப்பும். வளைவில் கார் வெளிப்புறமாகச் சாய்வதால் உள்சக்கரத்தின் மேல் உள்ள பாரம் குறைகிறது. அது தாங்கும் சிறிய விசையே வெளிச்சக்கரத்துக்கும் வரம்பாகிவிடுகிறது. இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இல்லாத காரில் முதல் கியர் என்பது, பெரும்பாலும், உள்டயரைத் தேய்த்துப் புகையாக்கும் கருவி மட்டுமே. மேலும் ஆக்சிலரேட்டரின் ஒரே அளவு அசைவு முதல் கியரில் இரண்டாவதைவிட 1.66 மடங்கு விசை மாற்றத்தை உண்டாக்குவதால், வழுக்கலின் விளிம்பில் காரை நிறுத்திவைக்கத் தேவையான நுண்மையும் அதே அளவு கடினமாகிறது. ஆட்டோகிராஸ் பயிற்றுநர்கள் புதியவர்களிடம், கிளம்பியதும் இரண்டாவதற்கு மாற்றிவிட்டு அதன் பிறகு கியர் தண்டைத் தொடவே வேண்டாம் என்று சொல்வது வெறும் எளிமைக்காக அன்று. கணக்கும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

பெரும்பாலும் என்றதற்குக் காரணம், விதிவிலக்குகள் உண்மையானவை. வளைவு மேலும் இறுகி வேகம் 20 கிலோமீட்டருக்கு இறங்கினால் இரண்டாவது கியரில் எஞ்சின் 1500 சுற்றில் தள்ளாடும். டர்போ எஞ்சினில் இந்தச் சிக்கல் கூடுதல்: வெளியேறும் புகையால் சுழலும் விசிறி காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் அமைப்பு அது, குறைந்த சுற்றுகளில் புகையின் ஓட்டம் போதாமல் அமுக்கம் எழாது, எழும்வரை காரின் முடுக்கம் பெயரளவுக்கே இருக்கும். இரண்டாவது கியரை மிக நீளமாக, அதாவது உயர்ந்த வேகம் வரை எட்டும்படி, வைத்திருக்கும் கார்களும் உண்டு. ஆனால் நீளமான இரண்டாவது கியர் எப்போதும் குறையாகிவிடுவதில்லை: 1990களின் இறுதியில் வந்த ஐந்தாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டில் அது மணிக்கு 110 கிலோமீட்டரையும் தாண்டிச் செல்லும், எனினும் 5.7 லிட்டர் வி8 எஞ்சின் குறைந்த சுற்றிலும் தாராளமாக இழுப்பதால் அதன் ஓட்டுநர் முழு ஓட்டத்தையும் இரண்டாவதிலேயே முடித்துவிடலாம். ஆக, தீர்மானிப்பது எஞ்சினின் சுற்றுக் கணக்கு அன்று. அந்தக் கியரில் கிடைக்கும் விசைக்கும் அந்த நொடியில் டயரால் ஏற்க முடிந்த விசைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, அதற்குப் பின் வரும் பாதை எவ்வளவு நீளம் என்ற இரண்டுமே தீர்மானிக்கின்றன.

முதல் கியர் தேவை என்று முடிவாகிவிட்டால், அதை எப்படிப் போடுவது என்பதில்தான் கிளட்சின் நுட்பம் தொடங்குகிறது. எஞ்சினின் பின்முனையில் ஃபிளைவீல் சுழல்கிறது. அதன் முகத்தில் உராய்வுப் பூச்சுள்ள தட்டு ஒன்றை வலிய வில் அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தத் தட்டின் நடுவே கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு கோக்கப்பட்டிருக்கிறது. கிளட்ச் பெடலை அழுத்தினால் வில்லின் பிடி தளர்ந்து, எஞ்சின் தனியாகவும் தட்டும் உள்ளீட்டுத் தண்டும் தனியாகவும் சுழலத் தொடங்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு இறக்கும்போது 2280 சுற்றிலிருந்து 3790 சுற்றுக்கு ஏற வேண்டியவை இரண்டு: எஞ்சின் ஒன்று, உள்ளீட்டுத் தண்டும் தட்டும் சேர்ந்த சிறிய தொகுதி மற்றொன்று. இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள் என்பதை உணராததே கிளட்ச் நுட்பம் பற்றிய குழப்பங்களில் பாதிக்குக் காரணம்.

சிறிய தொகுதியின் வேகத்தைச் சரிசெய்வது சின்க்ரோமெஷ். பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன் கூம்பு வடிவ உராய்வு வளையம் ஒன்று கியரின் மேல் அழுந்தி, இரு பக்க வேகங்களும் சமமாகும்வரை பற்களை நுழையவிடாமல் தடுக்கும் இவ்வமைப்பை ஏர்ல் தாம்சன் உருவாக்கினார். காடிலாக் நிறுவனம் 1928இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் கியருக்கு மட்டும் அது நெடுங்காலம் மறுக்கப்பட்டது. நின்ற காரைக் கிளப்பத்தானே அந்தக் கியர் என்பது அக்காலத்து எண்ணம். பிரிட்டனின் புகழ்பெற்ற எம்ஜிபி காரில்கூட 1967 வரை முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. இன்றைய கார்களில் அது உண்டு என்றாலும் முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையிலான விகித இடைவெளி மற்ற எல்லா இடைவெளிகளையும்விடப் பெரிது. வளையம் ஏற்ற வேண்டிய வேக வேறுபாடும் அதனால் பெரிது. ஓடும் காரில் முதல் கியர் அடம்பிடிப்பது இதனால்தான். ஓட்டுநர் கியர் தண்டை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் அந்த வேலையின் வெப்பம் முழுவதும் மெல்லிய வளையத்தின் முகத்தில் இறங்கி, காலப்போக்கில் அதைத் தேய்த்துவிடும்.

எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்வது ஓட்டுநரின் வலது கால். வளைவுக்கு முன் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பாதத்தின் முன்பகுதியைப் பிரேக்கில் வைத்தபடி அதன் வெளி ஓரத்தை உருட்டி ஆக்சிலரேட்டரைத் தட்டுவது 'ஹீல் அண்ட் டோ' எனப்படும் முறை. கிளட்ச் அழுத்தப்பட்ட நிலையில் இப்படித் தட்டினால் எஞ்சின் தன் சொந்த எரிபொருளாலேயே கால் வினாடிக்குள் 3790 சுற்றை எட்டிவிடும். அதன் பின் கிளட்சை விடும்போது அதிர்ச்சி ஏதும் எழாது. ஆனால் கவனிக்க வேண்டியது, இந்தத் தட்டல் சின்க்ரோமெஷின் சுமையைக் குறைப்பதில்லை; கிளட்ச் விலகியிருப்பதால் உள்ளீட்டுத் தண்டுக்கு எஞ்சினின் ஏற்றம் தெரியாது. அதையும் சேர்த்து ஏற்ற வேண்டுமென்றால் கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து, கிளட்சை ஒரு கணம் விட்டு, அப்போது ஆக்சிலரேட்டரைத் தட்டி, மீண்டும் கிளட்சை அழுத்தி முதல் கியருக்குத் தள்ள வேண்டும். இதுவே டபுள் கிளட்ச். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளை ஓட்டியவர்களுக்கு அன்றாடப் பழக்கமாயிருந்த இந்த முறை, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு போன்ற மாற்றங்களில் இன்று தேவையற்ற அலங்காரம். ஓடும் காரில் முதல் கியரைப் போடுவதற்கோ அது இன்றும் சரியான வழி. சரியாகச் செய்தால் கியர் தண்டு தானாகவே உள்ளே விழுவதுபோல் நுழையும்.

எஞ்சினை ஏற்றாமலே கிளட்சைச் சட்டென விட்டால் நேர்வது என்ன? 0.2 வினாடியில் எஞ்சினை 2280இலிருந்து 3790 சுற்றுக்கு இழுத்தேற்ற 118 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. அதை இப்போது தருவது எரிபொருள் அன்று, பின் டயர்கள். முதல் கியரின் 13.5 மடங்கு பெருக்கத்துக்குப் பின் அது பின்சக்கரங்களில் 5600 நியூட்டன் பின்னிழுப்பாகிறது. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால் பின் டயர்களிடம் மொத்தமே 3300 நியூட்டன் அளவுதான் பிடிமானம் மிஞ்சியிருக்கும். அதிலும் ஒரு பகுதியைப் பிரேக் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தது போலவே பின்சக்கரங்கள் தடைபட்டு, ஸ்டீயரிங் சற்றே திரும்பியிருந்தாலும் கார் சுழன்றுவிடும். காலால் தட்டும் பழக்கம் வராதவர்கள் கிளட்சை அரை வினாடிக்கு மேலாக மெல்ல விடுவதன் மூலம் இந்த விசையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாந்தர வழியே எனினும் ஆபத்தற்றது. எப்படியாயினும் இறக்கும் மாற்றம் கார் நேராக இருக்கும்போதே, பிரேக்கின் கடைசிக் கட்டத்தில், வேகம் போதிய அளவு குறைந்த பிறகே நடக்க வேண்டும். அவசரப்பட்டு 80 கிலோமீட்டரில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் 10,000 சுற்றைத் தாண்டி இழுக்கப்படும். எரிபொருளை நிறுத்தி எஞ்சினைக் காக்கும் மின்னணு வரம்பு இங்கே பயனற்றது, ஏனெனில் எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருளே அன்று. கிளட்சை விடாமலே இருந்தாலும், கியர் நுழைந்த கணத்தில் உராய்வுத் தட்டு மட்டும் அந்த வேகத்துக்கு ஏற்றப்பட்டுச் சிதறக்கூடும் என்பது பலரும் அறியாத அபாயம்.

இனி, கியரை மாற்றாமல் கிளட்சை மட்டும் கொண்டு வளைவைச் சமாளிக்கும் வழிகள். இரண்டாவது கியரிலேயே இருந்துகொண்டு, கிளட்சைப் பாதி அழுத்தி நழுவவிட்டு எஞ்சினை 4500 சுற்றில் நிறுத்தினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நழுவும் கிளட்ச் எஞ்சினின் வேகத்தை விடுவிக்கிறதே தவிர முறுக்கு விசையைப் பெருக்குவதில்லை; ஒரு பக்கம் நுழைந்த முறுக்கு விசைதான் மறுபக்கம் வெளிவரும். எனவே ஆதாயம், 4500 சுற்றில் எஞ்சின் தரும் முறுக்கு விசை 2280 சுற்றில் தருவதைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவே. மியாட்டாவைப் போல் முறுக்கு விசை ஏறக்குறையச் சமமாக இருக்கும் எஞ்சினில் அது 15 சதவீதத்தை ஒட்டியது. அமுக்கம் எழாத டர்போ எஞ்சினிலோ கணிசமானது. அதற்கான விலையோ எல்லா எஞ்சினுக்கும் பெரிது. 133 நியூட்டன் மீட்டரை அந்த வேக வேறுபாட்டால் பெருக்கினால் 31 கிலோவாட் வெப்பம் தட்டின் முகத்தில் எழுகிறது. ஒரு வினாடி நழுவவிட்டால் 31 கிலோஜூல். 30 கிலோமீட்டரில் ஓடும் முழுக் காரின் இயக்க ஆற்றலே 36 கிலோஜூல்தான். ஃபிளைவீலின் மொத்த இரும்பும் இதைப் பகிர்ந்துகொள்ள நேரம் கிடைத்தால் சில பாகை வெப்பமே ஏறும். ஆனால் நேரம் கிடைப்பதில்லை, உராயும் மேற்பரப்பு மட்டும் கொதித்து, பூச்சு கருகும் வாடை வீசத் தொடங்கும்.

கிளட்சைச் சட்டென அழுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்து, உடனே விடும் உதை முறை வேறு நோக்கமுடையது. அங்கே பயன்படுவது எஞ்சினின் முறுக்கு விசையைவிட ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல். 5000 சுற்றிலிருந்து 3000 சுற்றுக்கு இறங்கும்போது அது 13 கிலோஜூலைக் கணப்பொழுதில் பின்சக்கரங்களில் கொட்டும். பின் டயர்கள் பிடி இழக்க, காரின் பின்புறம் வெளியே வீசி, மூக்கு வளைவுக்குள் திரும்பும். 'டிரிஃப்ட்' ஓட்டுநர்களின் இந்த உத்தி பின்சக்கர இயக்கக் காரில் மட்டுமே பொருளுடையது. முன்சக்கர இயக்கக் காரில் அதே உதை, திருப்ப வேண்டிய டயர்களையே வழுக்கவிட்டு, காரை நேராக வளைவுக்கு வெளியே கொண்டுபோகும். கடிகாரத்துக்கு எதிரான போட்டியில் வழுக்கல் அழகு அன்று, செலவு. ஆகவே ஆட்டோகிராஸில் இது மிக இறுக்கமான திருப்பத்துக்கான கடைசி வழியாகவே இருக்கத் தக்கது. ஜிம்கானாவில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துத் திரும்புவோர் அதே நேரத்தில் கிளட்சை அழுத்துவதற்குக் காரணமும் இந்த இணைப்பே: பின்சக்கர இயக்கக் காரில் பூட்டப்படும் சக்கரங்களோடு எஞ்சின் இணைந்திருந்தால் ஒன்று சக்கரம் பூட்டாது, அல்லது எஞ்சின் அணைந்துவிடும். நான்கு சக்கரங்களும் இயங்கும் மிட்சுபிஷி லான்சர் எவோவின் ஏழாம் பதிப்பு, ஹேண்ட்பிரேக் இழுக்கப்பட்டதும் நடு டிஃபரன்ஷியலின் பிடியைத் தானே தளர்த்திவிடும்படி 2001இல் அமைக்கப்பட்டது.

இரண்டாவது கியரின் மேல் முனையிலும் இதே கேள்வி தலைகீழாக எழுகிறது. நேர்ப்பாதையின் முடிவில் எஞ்சின் வரம்பை முட்டி, மின்னணுத் தடையால் தடதடக்கத் தொடங்கும்போது மூன்றாவதற்கு மாற்றாமல் இருப்பது பார்ப்பவர்க்கு மடமையாகத் தோன்றும். மியாட்டாவின் எண்களை இட்டுப் பார்த்தால், 92 கிலோமீட்டரில் ஒன்றரை வினாடி அப்படியே நிறுத்திவைப்பதற்கும் மூன்றாவதற்கு மாற்றி முடுக்குவதற்கும் உள்ள வேறுபாடு 1 மீட்டர், அதாவது 0.04 வினாடி. அதற்காக இரு முறை கியர் மாற்றி, இரு முறை ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, அடுத்த வளைவுக்கு முன் தவறான கியர் விழும் வாய்ப்பையும் சுமப்பது நல்ல வாணிபம் அன்று. நேர்ப்பாதை மூன்று வினாடி நீண்டால் ஆதாயம் கால் வினாடியை நெருங்கும். அப்போது மாற்றுவதே சரி. போட்டிக்கு முன் பாதையில் நடந்து பார்க்கும் ஓட்டுநர்கள் கூம்புகளின் இடைவெளியைக் காலடியால் அளப்பதும், எந்த இடத்தில் ஸ்டீயரிங் நேராக இருக்கும், அங்கே ஒரு கை ஓய்வாக இருக்குமா என்று குறித்துக்கொள்வதும் இத்தகைய முடிவுகளைக் காரில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுவதற்காகத்தான்.

இரு கிளட்ச்களைக் கொண்டு, அடுத்த கியரை முன்கூட்டியே கோத்து வைத்திருக்கும் கியர்பெட்டிகள் 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக விற்பனைக் கார்களுக்குள் வந்தபின், மேற்கண்ட கணக்கில் 0.35 வினாடி என்ற உறுப்பு ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டது; கையும் ஸ்டீயரிங்கை விட்டு அகல வேண்டியதில்லை. உராய்வு வட்டமும், முதல் கியரில் பெருகும் எஞ்சினின் நிலைமமும் அப்படியே இருக்கின்றன. இவ்வகைக் கார்கள் பலவற்றில் ஓடும்போது முதல் கியருக்கு இறக்கும் கட்டளையைக் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏற்க மறுத்துவிடும். ஸ்டீயரிங்கை ஒட்டியுள்ள கியர் மாற்றும் துடுப்பை ஓட்டுநர் எத்தனை முறை சொடுக்கினாலும் கார் இரண்டாவதிலேயே வளைவைக் கடக்கும்.